எல்லாமே சூட்டுக்கொப்புளம் இல்லை: உறவுக்குப் பின் எரிச்சல் வந்தால் செய்யக்கூடாதவை

வேலூர் வெயிலில் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் 'உடம்பு சூடு' என்று முடித்துவிடுகிறோம். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல். வியர்க்குரு என்றால் அடங்கிவிடும். உறவுக்குப் பிறகு வரும் எரிச்சல் வேறு கணக்கு. அது எப்போது தொடங்கியது என்று பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

முடிந்த கையோடு எரிந்தால் பெரும்பாலும் உராய்வு, ஈரப்பசை போதாமை. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி சகஜம். மனைவி வலிக்கிறது என்றபிறகும் தொடர்வதுதான் இங்கே பெரிய தவறு. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் தடவுவது அடுத்தது: சில நிமிடங்களிலேயே லேடெக்ஸ், அதாவது ஆணுறையின் ரப்பர், பலமிழந்து கிழியலாம். எண்ணெய் இல்லாத, 'வாட்டர் பேஸ்டு' என்று போட்ட ஜெல் வாங்குங்கள். ஆணுறை போடும்போதெல்லாம் அரித்து வீங்கினால் லேடெக்ஸ் அலர்ஜியாக இருக்கலாம். அதற்காக ஆணுறையையே விட்டுவிட வேண்டாம், பாலியூரித்தேன் வகை உண்டு.

பிறகு இந்த டெட்டால் பழக்கம். பெண்ணின் பிறப்புறுப்பு உட்புறம் 3.8 முதல் 4.5 வரை பிஹெச் உள்ள அமிலத்தன்மையோடு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றிக் கழுவினால் நல்ல பாக்டீரியா போய், அரிப்பு கூடும். வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும்.

எனக்கு அதிகக் கோபம் வருவது மெடிக்கல் ட்யூப் மேல்தான். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "அரிப்புக்கு ஒரு ட்யூப்ணா" என்று தாழ்ந்த குரலில் கேட்போம். கடைக்காரரும் எதுவும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் குளோபெட்டசால் என்று இருக்கும், வீரியமான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், அடியில் படர்தாமரை தொடை முழுக்கப் பரவும், தோல் மெலிந்து வரிவரியாகும். 2018லிருந்து இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்கிறார்கள். படர்தாமரை என்றால் கணவன், மனைவி இருவருமே டாக்டரிடம் காட்டுங்கள், இருவருக்கும் இருந்தால் சேர்த்தே மருந்து வேண்டும், துண்டும் தனித்தனியாக.

தயிர்த் திப்பி போல வெள்ளை, ஆணுக்கு முன்தோலில் வெடிப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை. அடிக்கடி வந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும், ஏனென்றால் அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உறவு கொண்டு 2 முதல் 12 நாளில் கொத்தாகச் சின்னக் கொப்புளம், உடைந்தால் புண், எரிச்சல் என்றால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். நம் பக்கத்தில் இதை அக்கி என்று சொல்லிக் காவி பூசிக் காத்திருப்பார்கள். வைரஸ் மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நாட்கள் காவியிலேயே போய்விடும். கொப்புளத்தைப் பார்த்ததும் துணையைச் சந்தேகப்படுவதும் அவசரம்தான். இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புண், காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தால் முதலில் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்குப் போன் போடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.