வில்லியம்ஸா, ரீடா, கார்ல்டனா? அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் பெயரை எடைபோடும் வழி

அமெரிக்காவின் முன்னணி லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை (இளங்கலைப் படிப்பையே மையமாகக் கொண்ட சிறிய கல்லூரிகள்) ஒப்பிடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது முதல் படியிலேயே. உலகத் தரவரிசைகளைத் திறந்து பார்ப்பார்கள். வில்லியம்ஸும் ஸ்வார்த்மோரும் அங்கே கண்ணிலேயே படாது. அந்தப் பட்டியல்கள் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுபவை. இந்தக் கல்லூரிகளில் முதுகலை, பிஎச்.டி மாணவர்கள் அநேகமாக இல்லை. பெரும்பாலானவற்றில் மொத்தமே இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்கள்தான். எனவே அந்தப் பட்டியல்களை மூடிவிடலாம்.

அடுத்து, ஒப்பிட வேண்டியவற்றைச் சரியாகப் பிரியுங்கள். பெயரில் யுனிவர்சிட்டி என்று இருந்தாலும் வெஸ்லியன், கோல்கேட், பக்நெல், வாஷிங்டன் அண்ட் லீ ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். பெயரில் காலேஜ் என்று இருந்தாலும் டார்ட்மவுத்தும் பாஸ்டன் காலேஜும் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள். யூ.எஸ். நியூஸ் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ் போன்ற ராணுவ அகாடமிகளும் மேல்வரிசையில் நிற்கும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். சாதாரண விண்ணப்பதாரருக்கு அவை போட்டியே இல்லை. அவற்றை அடித்துவிட்டால், கீழே இருக்கும் கல்லூரிகள் சில இடங்கள் மேலே ஏறிவிடும்.

யார் கண்ணில் நல்ல பெயர்?

ஒரு கல்லூரியின் பெயர் எல்லா இடத்திலும் ஒரே விலைக்குப் போவதில்லை. பிஎச்.டி சேர்க்கைக் குழுவில் இருக்கும் பேராசிரியருக்கு ரீட், கார்ல்டன், ஸ்வார்த்மோர், ஹார்வி மட் என்றால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நியூயார்க் முதலீட்டு வங்கிக்கு ஆளெடுப்பவருக்கு வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், மிடில்பரி, கிளேர்மாண்ட் மெக்கென்னா பழக்கமான பெயர்கள். ரீடை அவர் தேடிப் போகமாட்டார். கலிஃபோர்னியாவில் பொமோனாவுக்கு உள்ள மதிப்பு பாஸ்டனில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ இவை எதுவுமே தெரியாது, அமெரிக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆகவே கல்லூரிகளை ஒப்பிட நீங்கள் போடும் அட்டவணைத் தாளில் ‘மதிப்பு’ என்று ஒரே பத்தி (நெடுவரிசை) போடாதீர்கள். கல்வியுலகம், வேலை தருவோர், சேர்க்கைப் போட்டி, பண பலம் என்று நான்கு பத்திகள் போடுங்கள். எந்தப் பத்தி உங்களுக்கு முக்கியம் என்பதை எண்களைத் தேடும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எழுதினால், ஏற்கெனவே மனதுக்குப் பிடித்த கல்லூரி ஜெயிக்கிற மாதிரிதான் எழுதுவீர்கள்.

தரவரிசையில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண்

யூ.எஸ். நியூஸ் பட்டியல் 1983இல் தொடங்கியபோது முழுக்க முழுக்கக் கல்லூரித் தலைவர்களின் கருத்துக்கணிப்பாகவே இருந்தது. அதன் மிச்சம்தான் இன்றைய ‘சக மதிப்பீடு’. கல்லூரித் தலைவர், கல்விப் பொறுப்பாளர், சேர்க்கைத் துறைத் தலைவர் ஆகியோர் மற்றக் கல்லூரிகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்த மதிப்பெண்ணில் இதற்கு 20% எடை. நற்பெயரை நேரடியாக அளக்கும் பகுதி அந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு இந்தச் சக மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள், 0.3க்கு மேல் போனால்தான் பேச்சு.

அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒருவருக்கு நேரடியாகத் தெரிந்த கல்லூரிகள் சிலவாகத்தான் இருக்கும். மற்றவற்றுக்கு அவர் போடும் மதிப்பெண்ணில் போன ஆண்டின் தரவரிசையே எதிரொலிக்க வாய்ப்புண்டு. மீதி 80% எப்படி ஆடும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். ரீட் 1995 முதல் இந்தப் பத்திரிகைக்குத் தரவு அனுப்ப மறுத்து வருகிறது. அதன் இடம் சரிந்தது, வகுப்பறை மாறவில்லை. கிளேர்மாண்ட் மெக்கென்னாவில் சேர்க்கை அதிகாரி ஒருவர் சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைப் பல ஆண்டுகள் கூட்டிக் காட்டியதை 2012இல் கல்லூரியே வெளியிட்டது. 2023 செப்டம்பரில் கணக்கிடும் முறையிலிருந்தே வகுப்பின் அளவு, முன்னாள் மாணவர் நன்கொடை, ஆசிரியர்களின் உயர்பட்டம் ஆகியவை நீக்கப்பட்டன. சின்ன வகுப்புதான் இந்தக் கல்லூரிகளின் உயிர். அதையே கணக்கில் சேர்க்காத பட்டியலில் 9ஆம் இடத்துக்கும் 15ஆம் இடத்துக்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

சேர்க்கை விகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

‘7% பேருக்குத்தான் இடம்’ என்றால் எல்லோரும் மிரண்டுபோகிறார்கள். விண்ணப்பிப்பதை எளிதாக்கினாலே அந்த எண் இறங்கிவிடும். கோல்பி கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தையும் கூடுதல் கட்டுரையையும் எடுத்துவிட்ட பிறகு விண்ணப்பங்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் விகிதம் 10%க்குக் கீழே போனது. கல்லூரி உண்மையிலேயே பல வகையில் வளர்ந்ததும் உண்டு. ஆனால் எந்தப் பங்கு எதனால் என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஒரே வடிவ ஆவணம் அது. சி1 பகுதியில் விண்ணப்பித்தோர், இடம் பெற்றோர், சேர்ந்தோர் எண்ணிக்கை இருக்கும். சி21இல் ஏர்லி டிசிஷன் எண்கள் இருக்கும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை அது. சி1 எண்களிலிருந்து சி21 எண்களைக் கழித்துப் பார்ப்பதுதான் வேலை.

கணக்குக்காக ஒரு கற்பனைக் கல்லூரி: விண்ணப்பம் 10,000, இடம் 1,000, சேர்ந்தவர் 500. சேர்க்கை விகிதம் 10%, இடம் பெற்றவர்களில் சேர்ந்தோர் 50%. இதில் ஏர்லி டிசிஷனில் 800 பேர் விண்ணப்பித்து 250 பேர் இடம் பெற்று அத்தனை பேரும் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். அவர்களைக் கழித்தால் 9,200 பேருக்கு 750 இடம், அதாவது சுமார் 8%. அந்த 750 பேரில் சேர்ந்தவர் 250, அதாவது 33%. வேறு இடங்களிலும் வாய்ப்பு இருந்த மாணவர்களில் மூன்றில் ஒருவர்தான் இந்தக் கல்லூரியைத் தேர்ந்திருக்கிறார். மாணவர்கள் மனதில் கல்லூரிக்கு என்ன இடம் என்பதற்கு இந்த 33%தான் நாணயமான எண். முன்கூட்டிய சுற்றில் 31% பேருக்கு இடம் கிடைத்ததைப் பார்த்து அது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுற்றில் விளையாட்டுக்காகப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த மாணவர்கள் நிறைய இருப்பார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், போடின் இருக்கும் நெஸ்காக் விளையாட்டுக் கூட்டமைப்பின் கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்லூரி அணி வீரர்.

சி9இல் உள்ள சாட் மதிப்பெண்களை ஒப்பிடும்போது எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற வரியையும் படியுங்கள். போடின் 1969 முதலே தேர்வு மதிப்பெண் கேட்டுக் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுக்காமல் விடுபவர்கள் பெரும்பாலும் குறைந்த மதிப்பெண்காரர்கள் என்பதால் சராசரி தானாகவே உயர்ந்து தெரியும்.

கல்வியுலகப் பெயர்

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆண்டுதோறும் பிஎச்.டி பெற்றவர்களைக் கணக்கெடுத்து, அவர்கள் இளங்கலை எங்கே படித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறது. மொத்த எண்ணிக்கையில் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் முன்னே நிற்கும். பட்டதாரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் படம் மாறும்: ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னெல் ஆகியவை நாட்டின் மிகப் பெரிய பெயர்களோடு தோள் உரசும்.

வகுக்கும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. இந்த ஆண்டு பிஎச்.டி பெற்றவர் இளங்கலை முடித்துச் சுமார் எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். எனவே எட்டு ஆண்டுக்கு முந்தைய பட்டதாரி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரே ஆண்டை எடுக்காமல் ஐந்தாண்டுகளைச் சேர்த்து எடுங்கள். சின்னக் கல்லூரியில் ஒரு துறைக்கு ஆண்டுக்கு நான்கைந்து பேர்தான் தேறுவார்கள். ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தலைகீழாகும். துறைவாரியாகவும் பிரியுங்கள். மொத்த விகிதத்தில் பின்தங்கிய கல்லூரி பொருளாதாரத்தில் முன்னே இருக்கலாம்.

எண் சொல்லாததைப் பாடத்திட்டம் சொல்லும். ஸ்வார்த்மோரின் ஹானர்ஸ் திட்டத்தில் வெளியிலிருந்து வரும் அறிஞர்களே தேர்வு வைக்கிறார்கள். வில்லியம்ஸின் டியூட்டோரியலில் ஒரு பேராசிரியருக்கு இரண்டே மாணவர்கள்; ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர் அலசுவார். ரீடில் ஆய்வேடு எழுதாமல் பட்டம் கிடையாது. சேர்க்கைக் குழுப் பேராசிரியர்களின் மதிப்பு இதுபோன்றவற்றிலிருந்துதான் பிறக்கிறது. பரிந்துரைக் கடிதத்தில் எழுத ஏதாவது விஷயம் இருக்க வேண்டுமே!

துறையின் ஆழத்தைப் பாட விவரப் புத்தகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் என்றோ நடந்த பாடமெல்லாம் இருக்கும். கடந்த நான்கு பருவங்களில் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணையை எடுங்கள். ஐந்து பேர் கொண்ட கணிதத் துறையில் இருவர் ஆய்வு விடுப்பில் போனால், உயர்நிலைப் பாடம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பக்கத்துக் கல்லூரிகளோடு கூட்டு இருந்தால் இந்தக் குறை பாதி தீரும்: பொமோனா, ஹார்வி மட், கிளேர்மாண்ட் மெக்கென்னா, ஸ்கிரிப்ஸ், பிட்ஸர் ஐந்தும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் கூட்டில் வண்டி ஏற வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

வேலைச் சந்தைப் பெயர்

அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டில் ஊதிய விவரம் உண்டு. அது கூட்டரசு நிதியுதவி பெற்ற மாணவர்களை மட்டுமே எண்ணுகிறது. வசதியானவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் அதில் இல்லை. கல்லூரியின் மொத்தச் சராசரியை ஒப்பிடுவதும் வீண். ஹார்வி மட் பட்டதாரிகளில் பலர் கணினியும் பொறியியலும் படித்தவர்கள்; ரீட் பட்டதாரிகளில் பலர் பிஎச்.டி பக்கம் போகிறவர்கள். ஒரே துறையை ஒரே துறையோடு ஒப்பிடுங்கள்.

‘95% பேர் ஆறு மாதத்தில் வேலையிலோ மேற்படிப்பிலோ’ என்ற விளம்பர வரியைக் கண்டால், எத்தனை சதவீதம் பேரின் நிலை கல்லூரிக்குத் தெரிந்திருந்தது என்று கேளுங்கள். ‘எங்கள் மாணவர்களில் 90% பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம்’ என்றால், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போருக்குக் கல்லூரிக் குழு தரும் பரிந்துரைக் கடிதம் யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். வலுவில்லாதவர்களை முன்பே வடிகட்டினால் எந்தக் கல்லூரியும் 90% காட்டலாம். லிங்க்ட்இனில் கல்லூரிப் பக்கத்தின் முன்னாள் மாணவர் பிரிவில் துறை, நகரம், நிறுவனம் என்று வடிகட்டிப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

வெளிநாட்டு மாணவர் ஒரு வரியை விடக் கூடாது: பட்டத்தின் சி.ஐ.பி எண், அதாவது படிப்பின் துறையைக் குறிக்கும் அரசு வகைப்பாட்டு எண். படிப்புக்குப் பின் 12 மாத வேலை அனுமதி எல்லோருக்கும் பொது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள துறைக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். பொருளாதாரம் 45.0601 என்று பதிவாகியிருந்தால் அந்தப் பட்டியலில் வராது, 45.0603 என்றால் வரும். ஒரே பெயருள்ள படிப்புக்குக் கல்லூரிக்குக் கல்லூரி எண் மாறுகிறது. பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தெரிந்துவிடும்.

பண பலம்

கல்லூரி முதலீட்டில் வைத்திருக்கும் அறக்கட்டளை நிதியை மாணவர் எண்ணிக்கையால் வகுங்கள். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா, ஸ்வார்த்மோர், கிரின்னெல் ஆகியவற்றில் ஒரு மாணவருக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வரும். ஐயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் கிரின்னெல் தாராளமாக உதவித்தொகை தருவதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமலே சேர்க்கை முடிவு எடுப்பதாக அறிவித்துள்ள கல்லூரிகள் இந்த இனத்தில் மிகச் சில. ஆம்ஹெர்ஸ்ட்டும் போடினும் அவற்றில் சேரும். மற்றவை எத்தனை வெளிநாட்டவருக்கு எவ்வளவு கொடுத்தன என்பது காமன் டேட்டா செட்டின் எச்6 பகுதியில் இருக்கும்.

தாளை நிரப்பியதும் கல்லூரிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தாமல், ஒவ்வொரு பத்தியிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று கட்டுகளாக மட்டும் பிரியுங்கள். உங்களுக்கு முக்கியமான பத்தியில் இரண்டு கல்லூரிகள் ஒரே கட்டில் விழுந்தால், நற்பெயரை வைத்து அவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டிய நிகரக் கட்டணமும் துறை அட்டவணையும் முடிவு செய்யட்டும். தரவரிசை ஒவ்வொரு செப்டம்பரிலும் மாறும். காமன் டேட்டா செட் பெரும்பாலும் அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் வரும் என்பதால், எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே கல்வியாண்டின் ஆவணத்தைத்தான் எடுத்திருக்கிறீர்களா என்று கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள்.