ஸ்டீரியோவின் ஒலி காதைக் குத்துகிறதா? பணம் செலவழிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடகியின் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது காது கூசுகிறது. ஜால்ரா ஒலி ஊசியாக இறங்குகிறது. உடனே புதிய ஸ்பீக்கருக்கு விலை விசாரிக்கக் கிளம்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கையில் பணம் குறைவாக இருப்பவர் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்கவே கூடாது.

முதலில் அதே பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கும் குத்தினால் பெரும்பாலும் பதிவிலேயே குறை. அதற்காக ஸ்பீக்கரைத் தண்டிக்க வேண்டாம்.

ஹெட்ஃபோனில் இதமாக இருந்தால் அறையைச் சந்தேகியுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெறும் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் ஆகிய மூன்றும் டிரெபிளை, அதாவது கீச்சென்ற உயர் ஒலிகளை, அப்படியே திருப்பி அடிக்கும். சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு மனிதக் காது மிகவும் கூர்மையானது என்பதால் அந்த எதிரொலி இன்னும் உறுத்தும். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடி எந்த இடத்தில் இருக்கும்போது அதில் ஸ்பீக்கர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கே கனமான திரையையோ புத்தக அலமாரியையோ வையுங்கள். தரையில் தடித்த விரிப்பு போடுங்கள். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பெரிய பயன் கிடையாது. ஸ்பீக்கரின் முகம் நேராக உங்கள் காதைப் பார்த்தால், சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். டிரெபிள் நேர்த்திசையில்தான் வலுவாகப் பாயும் என்பதால் இந்தச் சிறு திருப்பமே வியப்பூட்டும் மாற்றம் தரும், அதுவும் காசில்லாமல்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருந்தால் இரண்டின் பாஸும் (கனத்த, தாழ்ந்த ஒலிகளும்) ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மெலிந்த, கீச்சென்ற ஒலி. இணைப்பைச் சரிபார்க்காமல் பாஸைக் கூட்டுவது அடுத்த தவறு. ஒலியை 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) உயர்த்த ஆம்ப்ளிஃபையர் இருமடங்கு மின்திறன் தர வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சிறிய ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்காமல் ஒலியலையின் உச்சிகளை வெட்டிவிடும். கரகரப்பு பிறப்பது அங்கேதான். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கருக்குள் டிரெபிளை ஒலிக்கும் சிறிய பகுதி, எரிந்துபோகவும் அது வழிவகுக்கும். ஒலியளவைக் குறைத்ததும் கரகரப்பு மறைந்தால் காரணம் அநேகமாக இதுவே.

பாஸ், டிரெபிளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. ஃபோனிலும் ஆம்ப்ளிஃபையரிலும் இரண்டு முறை டிரெபிள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விலையுயர்ந்த ஒயரில் பணத்தைப் போடாதீர்கள். போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்பு ஒயரே போதும்.

ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கம் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். சத்தம் அதே ஸ்பீக்கரிலேயே நின்றால், குறை அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. மறுபக்கம் தாவினால், ஆம்ப்ளிஃபையரையும் அதற்கு முந்தைய இணைப்புகளையும் சோதியுங்கள்.