கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு துப்பறியும் நாவலுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

துப்பறியும் நாவலை முடித்த சூட்டோடு "செம சஸ்பென்ஸ், கீழே வைக்க முடியலை, ஹீரோ ரொம்ப வித்தியாசம்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த வரிகளை எந்த நாவலுக்கும் ஒட்டலாம், அதுதான் சிக்கல். துப்பறிபவர் வழக்கமான ஆள் இல்லை என்றால், கருத்தில் பாதிக்கு மேல் அந்த ஆளைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உதாரணத்துக்கு மார்க் ஹேடன் எழுதி 2003இல் வந்த 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வார இறுதியில் முடித்துவிடக்கூடிய புத்தகம். துப்பறிபவன் 15 வயதுப் பையன் கிறிஸ்டோபர். கணக்கில் புலி, ஆனால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்ல அவனால் முடியாது.

முதலில் எதுவரை சொல்லலாம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த நாவலில் இரவு 12 மணி 7 நிமிடத்துக்கு, இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில், எதிர்வரிசை வீட்டுப் புல்தரையில் வெல்லிங்டன் என்ற நாய் தோட்டவேலைக்கான பெரிய முட்கரண்டி குத்திய நிலையில் செத்துக் கிடக்கிறது. இது முதல் பக்கத்திலேயே இருப்பதால் தாராளமாகச் சொல்லலாம். யார் கொன்றது என்று அவன் கண்டுபிடிக்கக் கிளம்புகிறான், அதைப் புத்தகமாகவும் எழுதுகிறான், அதுவும் சரி. அதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டாம். பெயரைச் சொன்னால்தான் ஸ்பாய்லர் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் "பாதியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று பெருமையடிப்பதும், "அந்த ஒரு இடத்தில் அழுதுட்டேன், எதுன்னு படிச்சவங்களுக்குத் தெரியும்" என்று கண்ணடிப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன, ஏனென்றால் அடுத்து படிப்பவர் அந்த இடத்தைத் தேடிக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டுவார். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: "யார் கொன்றது" என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தால் ஏமாற்றமாக இருக்கும் என்று எச்சரிக்கலாம். அது கதையை உடைக்காது, தவறான எதிர்பார்ப்போடு வருகிறவரைக் காப்பாற்றும்.

அடுத்து, 'வித்தியாசமான' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு காட்சியை வையுங்கள். நாய் செத்துக் கிடக்கும் இடத்துக்கு போலீஸ்காரர் வருகிறார், கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். கேள்விகள் வேகமாக வர வர கிறிஸ்டோபருக்குத் தலைக்குள் நெரிசலாகி, அப்படியே புல்லில் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டு முனக ஆரம்பிக்கிறான். போலீஸ்காரர் கையைப் பிடித்துத் தூக்குகிறார். தொட்டால் அவனுக்கு ஆகாது, அடித்துவிடுகிறான். துப்பறிய வேண்டியவனே கைதாகிறான்! இந்த ஒரு காட்சியைச் சொன்னாலே போதும், "தனித்துவமான பாத்திரப் படைப்பு" என்றெல்லாம் முழங்க வேண்டியதில்லை.

அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி: இவனை எடுத்துவிட்டு ஒரு சாதாரண இன்ஸ்பெக்டரை வைத்தால் கதை நிற்குமா? நிற்கும் என்றால் அந்த வித்தியாசம் வெறும் ஒப்பனை, அதைத் தயங்காமல் எழுதுங்கள். இங்கே நிற்காது. பெரியவர்கள் பேசுவதை அவன் ஒரு சொல் விடாமல் எழுதிவைக்கிறான், அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்குப் புரிவதற்கு முன்னால் நமக்குப் புரிந்துவிடுகிறது. அவன் நாயைப் பற்றித் துப்பறிய, நாம் அவன் குடும்பத்தைப் பற்றித் துப்பறிந்துகொண்டிருக்கிறோம். எனக்கு நாவலே அதுதான்.

பிடிக்கவில்லையா, அதையும் எழுதுங்கள், ஆனால் எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்களாகவே எண் போட்டிருப்பது சிலருக்கு ரசனை, சிலருக்கு வெறும் வித்தை. நடுநடுவே வரும் கணக்குப் புதிர்கள் கதையை நிறுத்திவைக்கின்றன என்பதும் நியாயமான புகார்தான் (நானும் ஓரிரு இடங்களில் தாண்டிப் போனேன்). "மொழி தட்டையாக இருக்கிறது" என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். வர்ணனையும் உருவகமும் பிடிக்காத பையன் எழுதுவதாக வரும் புத்தகம், தட்டையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. அது எனக்கு ஒத்துவரவில்லை என்பது கருத்து, ஆசிரியருக்கு எழுதத் தெரியவில்லை என்பது அவசரம்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கதைக்குள் அவனுக்கு என்ன என்று ஒரு மருத்துவப் பெயரும் வராது. ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு வழங்கிவந்த பெயர்) என்பது சில பதிப்புகளின் அட்டையில்தான் வந்தது, இது ஆஸ்பெர்கர் பற்றிய புத்தகம் இல்லை என்று ஹேடனே பிறகு சொல்லியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள வாசகர்களில் சிலர் இந்தச் சித்திரிப்பைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். எனவே "ஆட்டிசம் இருக்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன்" என்று எழுத வேண்டாம், "பாவம்" என்ற சொல்லும் வேண்டாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த அனுபவம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள், அந்தக் கருத்துக்குத் தனி கனம் உண்டு.

கதைச் சுருக்கம் மூன்று நான்கு வரிக்கு மேல் போனால் வெட்டுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸை ஒரு முறை சொன்னால் போதும். தலைப்பே ஒரு ஹோம்ஸ் கதையிலிருந்து வந்தது, பையனும் ஹோம்ஸ் ரசிகன், அவ்வளவுதான். அப்புறம், எதில் படித்தீர்கள் என்று மறக்காமல் போடுங்கள். புத்தகம் முழுக்க வரைபடங்களும் கோட்டுப்படங்களும் இருக்கின்றன, போனில் அவை சிறுத்துப்போகும், ஒலிப்புத்தகத்தில் கண்ணுக்கே கிடைக்காது. 2012இல் லண்டனில் மேடையேறிய நாடகத்தை மட்டும் பார்த்தவர் என்றால் அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பின்னூட்டத்தில் ஆளாளுக்கு வேறு எதையோ பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.