குத்திய துளைக்கு எந்த நகை, கழற்றினால் எதைச் செருகுவது

புதிதாகக் குத்திய துளை என்பது காயம்தான். அது ஆறும்வரை போடும் நகை வேறு, ஆறிய பிறகு போடும் நகை வேறு. காது மடல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மூக்கு 4 முதல் 6 மாதம். காதின் மேல்பக்கக் குருத்தெலும்பும் தொப்புளும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை இழுக்கும். தோல் வெளியிலிருந்து உள்நோக்கி ஆறுவதால், மேலே காய்ந்துவிட்டதைப் பார்த்து அவசரப்பட்டு நகையை மாற்றக் கூடாது.

முதல் நகைக்கு மிகவும் நம்பகமானது டைட்டானியம். உடலுக்குள் பொருத்தும் தரம் என்பதற்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்-136 என்ற சர்வதேசத் தர அடையாளம் உண்டு. குத்துபவரிடம் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று அட்டையில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. பரவலாக விற்கும் 316எல் எஃகில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பும் நீர்க்கசிவும் அதனால்தான் வருகின்றன. காந்தத்தில் ஒட்டவில்லையே, நல்லதுதான் என்று சிலர் சோதித்துப் பார்ப்பார்கள். நிக்கல் கலந்த இந்த எஃகும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் பயனில்லை.

தங்கம் போடுவதானால் ஆறும்வரை 14 அல்லது 18 காரட், அதாவது 585 அல்லது 750. நாம் ஆசையாக வாங்கும் 916 மென்மையானது. தண்டில் கீறல் விழும், அந்தக் கீறல் புண்ணை அறுக்கும். ஆறிய துளைக்கு 916 தாராளமாகப் போடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, மூக்குத்தி அந்த எடைக்குள்தான் வரும். எனவே கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தங்கத்தில் என்ன கலந்திருக்கிறது? பற்றவைப்பில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டா? திருகும் அதே தங்கமா? வெள்ளைத் தங்கமானால் வெளுப்புக்கு நிக்கல் சேர்த்தார்களா, பல்லேடியம் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். கல்லூரிப் பெண்கள் விரும்பும் வெள்ளி மூக்குத்தி ஆறாத துளைக்கு ஆகாது. ஈரம் பட்டு வெள்ளி கறுக்கும், அந்தக் கறுப்பு தோலிலேயே தங்கிவிடலாம். கவரிங்கும் ஐம்பொன்னும் அப்படியே தவிர்க்க வேண்டியவை. முலாம் தேய்ந்ததும் அடியிலிருக்கும் செம்பும் நிக்கலும் புண்ணைத் தொடும்.

தண்டின் பருமனை கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூட கம்பி மெலியும்: 22 கேஜ் சுமார் 0.6 மி.மீ., 20 கேஜ் 0.8, 18 கேஜ் 1.0, 16 கேஜ் 1.2. பழைய நகையைக் கடைக்கு எடுத்துப் போய் வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். 18 கேஜில் குத்திய மூக்கில் மெல்லிய மூக்குத்தி போட்டால் துளை அதற்கேற்பச் சுருங்கிவிடும். பிறகு பழையதை அழுத்தித் திணித்தால் உள்ளே கிழியும். காதில் இன்னொரு ஆபத்து: மெல்லிய கம்பியில் கனமான ஜிமிக்கி தொங்கினால் மடல் மெல்ல மெல்ல அறுபடும். மாட்டல் வெறும் அலங்காரமல்ல, பாரத்தைக் காதின் மேல்பக்கத்துக்கு மாற்றும் நல்ல ஏற்பாடு அது.

நீளமும் முக்கியம். முதல் தண்டில் வீக்கத்துக்காக 2 மி.மீ. அளவு இடம் விட வேண்டும். இடமில்லையென்றால் திருகு சதைக்குள் புதையும். வீக்கம் வற்றிய பிறகும் அதே நீளத் தண்டையே விட்டால் ஆடி ஆடித் துளையோரம் கட்டி எழும்பும். அப்போது குட்டையானதுக்கு மாற்றுங்கள். நம் ஊர்த் திருகு மூக்குத்தியில் மரை தண்டின் வெளிப்புறம் இருப்பதால், நுழைக்கும்போது துளையின் உட்சுவரைச் சுரண்டும். அதனால்தான் அதை ஆறிய பிறகு போடச் சொல்கிறோம். திருகை இறுக்க முடுக்காதீர்கள்: தொட்டதும் நிறுத்தி அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆனால் வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூக்கினுள் கழன்ற திருகு தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்மையானது.

அறுவை சிகிச்சை, எம்.ஆர்.ஐ. என்று நகையைக் கழற்ற வேண்டிய நாள் வரும். துளை தூர்ந்துவிடுமே என்று வேப்பங்குச்சியோ துடைப்ப ஈர்க்குச்சியோ செருகுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குச்சி ஈரத்தை உறிஞ்சி ஊறும், சிலாம்பு உள்ளே ஒடியும், கிருமி நீக்கவும் வழியில்லை. அதற்குப் பதிலாகத் துளை குத்தும் கடைகளில் ‘ரீடெய்னர்’ என்று கேளுங்கள்; துளை மூடாமல் காக்கும், உலோகமில்லாத செருகி அது. போரோசிலிகேட் கண்ணாடியில் செய்தது முதல் தேர்வு: வழவழப்பானது, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் 121 டிகிரி செல்சியஸில் வைத்துக் கிருமி நீக்கலாம், ஆனால் கீழே விழுந்தால் உடையும். வளைந்துகொடுப்பது வேண்டுமானால் பி.டி.எஃப்.இ. என்ற டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக். அக்ரிலிக் சில மணி நேரத்துக்கு மட்டும், அதுவும் ஆறிய துளைக்கு மட்டும். எதுவானாலும் உங்கள் நகையின் அதே கேஜ், அதே நீளம்.

மாற்றும் முறை இது: கையைச் சோப்பால் கழுவுங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசலால் துளையோரத்துப் பொருக்கை ஊறவைத்துத் துடையுங்கள். பழையதை வெளியே இழுக்கும்போதே புதியதன் முனையை அதன் பின்னால் ஒட்டி உள்ளே தள்ளுங்கள். மூக்கின் உட்புறச் சவ்வு வேகமாக மூடுவதால் இடைவெளி விடக் கூடாது. நுழையாவிட்டால் திணிக்காமல், குத்தியவரிடமே போங்கள்.

ரீடெய்னர் போட்டிருந்தாலும் மயக்க மருத்துவரிடமும் ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லியே ஆக வேண்டும். கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். நீட் போல நகைக்குத் தடையுள்ள தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு 6 மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது மூக்குக் குத்த வேண்டாம். தேர்வு முடிந்ததும் குத்திக்கொள்ளட்டும்.

சீழ் பிடித்தால் பதறிப்போய் நகையை உருவாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். மஞ்சளும் எண்ணெயும் அப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதின் மேல்பக்கம் சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே போக வேண்டும். குருத்தெலும்பு அழுகினால் காதின் வடிவமே குலைந்துபோகும்.