ஒலித்தொகுப்பில் மவுஸ் தவறும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வயதான ஒருவர் பாடியதைப் பதிவு செய்து வந்தால், மறுபடி அதே மூச்சில் பாடச் சொல்ல முடியாது. படுகு, தோடா, கோத்தா, இருளா, குறும்பா மொழிகளின் பதிவுகள் பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எவ்வளவு வெட்டினாலும் மூல வேவ் கோப்பு அப்படியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் நேயர் கேட்கப்போவது தொகுத்த பிரதியைத்தான். பெரிய தவறு உடனே காதில் விழும், கன்ட்ரோல்-இசட் போதும். யாரும் கவனிக்காத சின்ன அசைவுதான் ஒலிபரப்பு வரை போய்விடுகிறது.

முதல் தவறு, முழு நிகழ்ச்சியையும் திரையில் சுருக்கி வைத்துக்கொண்டே கிளிப்பை, அதாவது ஒலித்துண்டை, தொடுவது. ஒரு மணி நேரப் பதிவு 1,900 பிக்சல் அகலத்தில் தெரிகிறது என்றால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1.9 விநாடி. தேர்ந்தெடுக்க நினைத்து க்ளிக் செய்யும்போது கை இம்மி நகர்ந்தாலும் கிளிப் விநாடிக்கணக்கில் தள்ளிப்போகலாம். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். இரண்டு மைக்கில் பதிவு செய்திருந்தால் ஒரு மில்லிவிநாடி விலகலே போதும், அதாவது 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 48 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி). இரண்டு ட்ராக்கும் சம அளவில் சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி குன்றிக் குழி விழும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பலர் மைக்கைக் குறை சொல்வார்கள்.

இதற்கு ரீப்பரில் நல்ல வழி லாக். ஷிஃப்ட்-எல் அழுத்தினால் லாக் அமைப்புகள் திறக்கும். பக்கவாட்டு நகர்வு, மேல்கீழ் நகர்வு, கிளிப் ஓரங்கள், ஃபேடு (ஒலி மெல்ல ஏறி இறங்கும்) பிடிகள், என்வலப் (நேரத்துக்கேற்ப ஒலி அளவு போன்றவற்றை மாற்றும் கோடு) என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டலாம். வெட்டி ஒட்டும் வேலை நடக்கும்போது மேல்கீழ் நகர்வையும் என்வலப்பையும் மட்டும் பூட்டுங்கள். வெட்டி முடித்து லெவல் பார்க்க உட்காரும்போது எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிறகு எல் விசை ஒன்றே பூட்டவும் திறக்கவும் போதும். இரண்டு மைக் பதிவென்றால் இரு கிளிப்பையும் தேர்ந்து ஜி அழுத்திக் குழுவாக்குங்கள்; நகர்ந்தாலும் சேர்ந்தே நகரும்.

அடுத்தது மவுஸின் சக்கரம். ரீப்பரில் சக்கரத்தைச் சுழற்றினால் டைம்லைன் பெரிதாகும், சிறிதாகும். அதே சுழற்சி ட்ராக் பலகையில் ஃபேடர் (ஒலி அளவை மாற்றும் நகர்த்தி) மேல் விழுந்தால் ஒலி அளவு மாறும். பிரிஃபரன்சஸ், எடிட்டிங் பிஹேவியர், மவுஸ் என்று போய், எல்லா ஃபேடரிலும் சக்கரத்தைப் புறக்கணிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். ப்ளக்-இன் (எஃபெக்ட் தரும் துணை மென்பொருள்) ஜன்னலில் உள்ள குமிழ்களை இது தடுக்காது. அவை சக்கரத்தைத் தம் போக்கில் எடுத்துக்கொள்ளும், ஆகவே வேலை முடிந்ததும் ப்ளக்-இன் ஜன்னலை மூடிவிடுங்கள். விண்டோஸ் மவுஸ் அமைப்பில், சும்மா கிடக்கும் ஜன்னல் மேல் சுட்டி நின்றாலே சக்கரம் வேலை செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. ஒலித்தொகுப்புக் கணினியில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்குத் தொல்லை டச்பேட். ஸ்வெட்டர் கைநுனியும் சால்வை ஓரமும் பட்டால் அது க்ளிக் ஆகிவிடும். மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யாதபடி விண்டோஸிலேயே அமைக்கலாம். ஒரு முறை அழுத்தினால் இரண்டு க்ளிக் விழும் மவுஸை உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் உள்ளே சுவிட்ச் தேய்ந்திருக்கும், மென்பொருள் அமைப்பை நம்பி விடக்கூடாது.

ஆடாசிட்டி என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளில் கவனிக்க வேண்டியது தேர்வு. அலைவடிவத்தின் மேல் ஒரு வெற்று க்ளிக் விழுந்தால் தேர்ந்த பகுதி போய்விடும். தேர்வு இல்லாதபோது முழு ஒலியையும் எடுத்துக்கொள்ளும் விருப்பம் ட்ராக் அமைப்புகளில் இயங்கியிருந்தால், நான்கு விநாடி இருமலுக்கு வைத்த எஃபெக்ட் முழுப் பேட்டியிலும் ஏறிவிடும். கிளிப் ஓரத்தை இழுத்தால் ஒலி மறையும், ஆனால் அழியாது. திரும்ப இழுத்தால் வரும். 3.4 பதிப்பிலிருந்து ஆல்ட் விசையோடு ஓரத்தை இழுத்தால் கிளிப் நீண்டு பேச்சின் வேகம் மாறிவிடும். விசைப்பலகையில் இடது கையை ஊன்றி வேலை செய்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

அன்டூவை (கன்ட்ரோல்-இசட்) மட்டும் நம்பாதீர்கள். ஆடாசிட்டியில் ப்ராஜெக்ட்டை மூடினால் வரலாறு போய்விடும். ரீப்பரில் அன்டூ வரலாற்றை ப்ராஜெக்ட்டோடு சேமிக்கும் வசதி பிரிஃபரன்சஸில் ஜெனரல் பகுதியில் இருக்கிறது, அதை இயக்குங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-இசட் அழுத்தினால் பட்டியல் திறக்கும். நீங்கள் செய்ததாக நினைவில்லாத ஒரு நகர்வு அதில் இருக்கிறதா என்று இடைவேளைக்கு எழும் முன் பாருங்கள்.

ஏற்றுமதிக்கு முன் ஒரு சோதனையும் உண்டு. வெட்டாத, நகர்த்தாத நீண்ட பகுதிக்கு இது பொருந்தும். மூலக் கோப்பைப் புதிய ட்ராக்கில் அதே இடத்தில் வைத்து, ஃபேஸ் பொத்தானை அழுத்தி அதன் ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள். இரண்டு ஃபேடரும் ஒரே அளவில், பேன் (இட, வலப் பக்கச் சமநிலை) நடுவில், எஃபெக்ட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எதுவும் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து முழு மௌனம். மெலிந்த, கீச்சென்ற மிச்சம் கேட்டால் கிளிப் நகர்ந்திருக்கிறது. குரல் இயல்பாகவே, அளவு மட்டும் குறைந்து கேட்டால் கிளிப்பின் ஒலி அளவுப் பிடியை யாரோ தொட்டிருக்கிறார்கள்.