கடைசித் தேதி வைத்து வரையுங்கள்

திருச்சியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு ஒரு மணி நேரம் வாட்டர்கலர் வரைவேன். பத்து வருடம் இப்படி வரைந்தும் பீரோவின் மேல் சேர்ந்தவை எல்லாம் முக்கால் படங்கள். வானம் இருக்கும், மலைக்கோட்டை இருக்கும், கீழே தெருவும் ஆட்களும் வர வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கும். கஷ்டமான இடம் வந்ததும் அடுத்த தாளை எடுத்துவிடுவேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருநாள் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்கேயாவது போட்டிக்கு அனுப்புங்க. தேதின்னு ஒண்ணு இருந்தாத்தான் நீங்க முடிப்பீங்க” என்றார்.

ஆறு வருடத்தில் பதினான்கு போட்டிகள். ஒரு ஆறுதல் பரிசு, இரண்டு முறை கண்காட்சிக்குத் தேர்வு. மற்ற பதினொன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் பதினான்கும் முடித்த படங்கள். என் கை மாறியது அந்த முடித்த படங்களால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் விதிமுறைகளை முழுக்கப் படியுங்கள். அனுப்பும் எல்லாப் படங்களின் உரிமையும் நடத்துபவர்களுக்கே என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். பரிசு பெற்ற படத்தைக் காலண்டரில் அச்சிடுவோம் என்பது வேறு, பரிசு வராத படத்தையும் எடுத்துக்கொள்வது வேறு. நுழைவுக் கட்டணம் எவ்வளவு, நடுவர் யார், படம் திரும்பி வருமா என்பதையும் பாருங்கள். ஒருமுறை பணம் கட்டி அனுப்பிய இடத்தில் எல்லோருமே ‘வெற்றியாளர்’, சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அதன் பிறகு முந்தைய வருடம் தேர்வான படங்களைப் பார்க்காமல் எங்கும் கட்டணம் கட்டுவதில்லை. அப்புறம், பார்த்து வரையும் புகைப்படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த படம் வேண்டாம்.

இருபது நாள் இருந்தால் நான் பின்னாலிருந்து எண்ணுவேன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே படம் முடிந்துவிட வேண்டும். முதல் ஐந்து நாள் வண்ணத்தைத் தொடவே மாட்டேன். தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, பென்சிலால் இருட்டும் வெளிச்சமும் மட்டும். அதில் தேறிய ஒன்றைப் பாதி அளவில் ஒருமுறை வரைந்து பார்ப்பேன். வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நிழல் மறுநாள் காலை சோகையாக இருக்கும். அந்த அதிர்ச்சி ஒத்திகைத் தாளோடு போகட்டும். காகிதம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருந்தால் நல்லது, மெல்லிய தாள் வாஷ் போட்டதும், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரப்பியதும், அலை அலையாக எழும்பிவிடும்.

தலைப்பு கொடுக்கும் போட்டிகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. ஒருமுறை ‘மழை’ என்று கொடுத்தார்கள். நான் குடை வரைந்தேன், தேர்வாகவில்லை. கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கக் குடைகள். அன்றிலிருந்து, தலைப்பு வந்ததும் பத்து யோசனைகளை எழுதி முதல் மூன்றை அடித்துவிடுகிறேன். அவை எல்லோருக்கும் முதலில் தோன்றுபவை. மீதி ஏழில், நான் தினமும் கண்ணால் பார்ப்பது எது என்று தேடுவேன். மழைநாளில் என் கடைக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். அப்படியும் ஓரத்தில் மை கரைந்திருக்கும். ஈரக் கையால் கவுண்டரில் அதை நீவி விரிப்பார்கள். அந்தக் கையையும் சீட்டையும் அடுத்த வருடம் ‘காத்திருப்பு’ என்ற தலைப்புக்கு வரைந்தேன். ஆறுதல் பரிசு அதற்குத்தான்.

நிறையப் போட்டிகளில் முதல் சுற்று திரையில்தான் நடக்கிறது. அதனால் படத்தைப் போட்டோ எடுப்பதும் வேலையில் பாதி. காலையில் மொட்டைமாடி நிழலில், நேர் வெயில் படாமல், படத்துக்கு நேர் எதிரே கேமராவைப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஏ3 படத்தை 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் 4961 × 3508 பிக்சல் வேண்டும். பிறகு அந்தப் போட்டோவைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முக்கியமான உருவம் அப்போதும் தெரிகிறதா? தெரியாவிட்டால் படத்தில் இருட்டு போதவில்லை. அதற்குத்தான் அந்த நான்கு நாள். அசலையே அனுப்பச் சொன்னால் பிரேமில் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். வழியில் உடைந்த கண்ணாடி படத்தையும் கீறிவிடும்.

நேரில் உட்கார்ந்து வரையும் போட்டி வேறு ரகம். மூன்று மணி நேரம் கொடுத்தார்கள், அம்மா மண்டபம் படித்துறை. முதல் ஒரு மணி நேரத்தை ஒரு தூணுக்கே செலவழித்துவிட்டேன். இப்போது முதல் அரை மணி நேரத்தில், 12-ஆம் நம்பர் பெரிய பிரஷ்ஷால் தாள் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடுவேன். வீட்டில் வரையும்போதும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

தேர்வாகாவிட்டாலும் கண்காட்சிக்குப் போங்கள். சென்னைக்கு மருந்து விஷயமாகப் போகும்போதெல்லாம் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். தேர்வான படத்தின் முன் நின்று, அவர் செய்து நான் செய்யாத ஒன்றை மட்டும் எழுதிக்கொள்வேன். இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. 1401-ல் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுக்காகப் போட்டி வைத்தார்கள். ஆபிரகாம் மகனைப் பலியிடும் காட்சி, எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டம். ஜெயித்த கிபெர்ட்டி என்ற சிற்பியின் வெண்கலப் பலகையும், ஜெயிக்காத புரூனெல்லெஸ்கியின் பலகையும் அங்கே பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. இரண்டையும் இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கத்தி பிடித்த கை எங்கே இருக்கிறது, கண் எந்த வழியாக அதை அடைகிறது என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போய்விடும்.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். அனுப்பிய அன்றே படத்தில் உங்களுக்குத் திருப்தியான ஒன்றையும் உறுத்தும் ஒன்றையும் நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் மனம் சாய்ந்துவிடும். என் நோட்டில் ஐந்து படங்களுக்குத் தொடர்ந்து ‘ஆட்களின் கால்கள் தரையில் நிற்கவில்லை’ என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு மாதம் காந்தி மார்க்கெட்டில் அதிகாலையில் நின்று கால்களையும் அவற்றின் நிழல்களையும் மட்டும் வரைந்தேன். பதினோராவது படத்திலிருந்து அந்த வரி நோட்டில் இல்லை. இப்போது அங்கே எழுதியிருப்பது கைகளைப் பற்றி.