கேர் டிப்ளமோவில் ‘நாங்கள்’ வேண்டாம்

லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பாறசாலைப் பெண் ஒருத்தி, களியக்காவிளையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் லெவல் 3 ஃபைலை, அதாவது இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் கேரர்கள் படிக்கும் டிப்ளமோவுக்கு அவள் எழுதிய குறிப்புகளை, போனில் திறந்து காட்டினாள். “சேச்சி, மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க.” முதல் பத்தியிலேயே காரணம் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் கேர் ஹோமில் இருந்தபோது நானும் அதையே செய்திருக்கிறேன்.

‘நாங்கள்’

“பாட்டியை ஹாய்ஸ்டில் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம்.” ஹாய்ஸ்ட் என்பது ஆளை ஸ்லிங் என்ற துணியில் வைத்துத் தூக்கும் இயந்திரம். அதற்குப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும், அதனால் ‘தூக்கினோம்’ என்பது பொய்யில்லை. ஆனால் இந்தப் படிப்பில் பரீட்சை எழுதி மார்க் வாங்குவது கிடையாது. நம்மை மதிப்பிடும் அசெஸர் நம் வேலையை நேரில் பார்ப்பார், கேள்வி கேட்பார், நாம் எழுதியதைப் படிப்பார். ஒவ்வொரு அளவுகோலுக்கும் *இவள்* என்ன செய்தாள் என்பதே அவருக்கு வேண்டும். ‘நாங்கள்’ என்றால் அது யாருடைய திறமை என்று அவர் எப்படி முடிவு செய்வார்?

‘நான் செய்தேன்’ என்றால் பெருமை பேசுவதாகிவிடும் என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். அந்தக் கூச்சம் எனக்கு நான்கு மாதத்தைத் தின்றது. பதினோரு குறிப்புகளைத் திரும்ப எழுதினேன். அதற்குள் சீனியர் கேரர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இப்படி எழுதுங்கள்: “கேர் பிளானைப் படித்தேன். ஸ்லிங்கின் அளவையும் கிழிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். என்ன செய்யப் போகிறோம் என்று பாட்டியிடம் சொல்லிச் சம்மதம் கேட்டேன். ரிமோட்டை உடன் பணியாளர் இயக்கினார். நான் பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே காலைத் தாங்கினேன்.” அப்புறம், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி. சம்மதம் கேட்டதைத்தான் நம் பிள்ளைகள் எழுதாமல் விடுகிறார்கள். தினமும் கேட்கிறார்கள், எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

முதியவரின் பெயர்

எழுதாதீர்கள். மருந்து சார்ட்டைப் போட்டோ எடுத்து ஒட்டாதீர்கள்.

கேர் சர்டிபிகேட் முடித்தாயிற்றே என்ற நினைப்பு

அது வேலையில் சேர்ந்ததும் கொடுக்கும் ஆரம்பப் பயிற்சி. டிப்ளமோவுக்கு ஈடாகாது.

லெவல் 3 முடித்தால் நர்ஸ்

இல்லை. அங்கே நர்ஸாக என்.எம்.சி. (அந்நாட்டு நர்சிங் கவுன்சில்) பதிவு வேண்டும். இங்கே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு கேரராகப் போனவர்கள் அந்தப் பதிவுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். டிப்ளமோ போதும் என்று சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

அசெஸர் வரும் நாள்

அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரோட்டா (வேலை நேரப் பட்டியல்) வந்த அன்றே நீங்கள் அவருக்கு மெசேஜ் அனுப்புங்கள்.